பட்டியலுக்கு எதற்கு மேக்ரோ

மக்கன் பேடா டப்பாவை நான் நீட்டியபோது அக்கா கையை நீட்டவில்லை. முதலில் கேள்விதான் வந்தது.

“யாரு குடுத்தது?”

“எங்க சித்திக்கா. ஆற்காட்லேர்ந்து.”

“சித்தி உங்க கையில குடுத்தாங்களா?”

“இல்லக்கா. பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பினாங்க.”

“எத்தினி பேடான்னு சித்தியைக் கேட்டீங்களா?”

இனிப்பு கொடுத்தனுப்பிய சித்தியிடம் யாராவது எண்ணிக்கை கேட்பார்களா? அக்கா விடவில்லை. மேஜைமேல் இருந்த போனை என் பக்கம் தள்ளினார். இருபது என்றாள் சித்தி. டப்பாவில் பதினேழு இருந்தது. அக்காவுக்கு ஒரே சிரிப்பு. “கண்டக்டர் மூணு துன்னுட்டாரு. துன்னட்டும், பாவம், நாலஞ்சு மணி நேரம் மடியில வச்சிக்கினு வந்திருப்பாரு. ஆனா நமக்குத் தெரியணுமில்ல?” என்று சொல்லி நான்கை எடுத்துக்கொண்டார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், “என்னைக் கேட்டீங்களா தம்பி?” என்பார். கேட்கலாமென்றால் என்னிடம் இருந்த போன் நம்பர் எப்போதோ மாறிவிட்டது. ஆகவே அக்கா என்றே இருக்கட்டும். பெங்களூர் ஜோகுபாளையத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட இருபது வயது மூத்த கறிக்கடைக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். கைக்கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். நகைச்சுவை எதையாவது சொல்ல நினைத்தால், சொல்வதற்கு முன்பே சிரித்து முடித்துவிடுவார். ஒரு மாவு மில்லின் மாடியில் நடந்துவந்த திருமணத் தகவல் மையத்தில் 1991-லிருந்து வேலை. கீழே மில் ஓடினால் மேலே எங்கள் கம்ப்யூட்டர் திரை லேசாக நடுங்கும். மையத்தை நடத்தியவர் மாநில அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழர். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம்.

அந்த இடத்தில் மொத்தம் ஆயிரத்து இருநூறு சொச்சம் வரன்கள். ஒவ்வொரு வரனுக்கும் ஒரு அட்டை. அட்டையின் அடியில் அக்கா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருப்பார்: தகவல் யார் கொடுத்தது, யாரைக் கேட்டுச் சரிபார்த்தது. பையனுக்குச் சொந்த வீடு என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அடுத்த வாரம் பஸ் பிடித்துப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருவார். பஸ்ஸில் ஏறுவதற்கும் இதே கதைதான். அல்சூர் போகும் என்று போர்டில் எழுதியிருக்கும். அக்கா கண்டக்டரைக் கேட்பார், ஏறியபின் பக்கத்தில் இருப்பவரையும் கேட்பார். “போர்டு மாத்த மறந்திருந்தா?” என்பார். எனக்கு மானம் போகும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை எளிது. அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்தேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். இரண்டு இலக்க வருடங்களை நான்கு இலக்கமாக மாற்றுவது எங்கள் வேலை. உலகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அம்மா நம்பினாள். தங்கை சுமதி நம்பவில்லை. அவளுடைய ஜாதகத்தைப் பதிவு செய்யத்தான் நான் முதலில் அந்த மாடிக்கு ஏறினேன். பெரியவர் என் வேலையைப் பற்றி விசாரித்து, அடுத்த சனிக்கிழமையே புதிய கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்துவிட்டார்.

நான் எக்செல்லில் ஒரு பொருத்தப் பட்டியல் செய்து கொடுத்தேன். பெண்ணின் பதிவு எண், பையனின் பதிவு எண் இரண்டையும் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். நட்சத்திரங்களைத் தேடி எடுத்து, பத்துப் பொருத்தமும் பார்த்து, மதிப்பெண்ணை அச்சடித்துத் தந்துவிடும். இந்த வேலையைச் செய்யும் சின்ன நிரல் அந்தக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு மேக்ரோ என்று பெயர். கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் ஜனங்களுக்கு அப்போது தனி மரியாதை. பெரியவர் வாசலில் போர்டே மாட்டிவிட்டார்.

அந்தக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எக்செல் ஒரு கேள்வி கேட்கும். இதில் மேக்ரோ இருக்கிறது, அனுமதிக்கவா, வேண்டாமா? எனேபிள், டிஸேபிள் என்று பொத்தான்கள் இருக்கும்.

“எப்பவும் எனேபிள் அமுக்குங்கக்கா. அவ்வளவுதான்,” என்றேன்.

“எப்பவும் ஆமான்னே சொல்லணும்னா, அது இன்னாத்துக்குக் கேக்குது?”

“அது சும்மா கேக்கும்.”

“சும்மா யாரும் கேக்க மாட்டாங்க தம்பி.”

கேள்வி வராமல் இருக்க ஒரு வழி இருந்தது. அந்தப் பெட்டியிலேயே ‘எப்போதும் கேள்’ என்பதற்கு எதிரே ஒரு டிக் குறி இருக்கும். அதை நான் எடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் குறி மறுபடியும் இருந்தது. எடுத்தேன். மறுவாரம் மீண்டும் இருந்தது. இப்படி ஒரு மாதம் எங்களுக்குள் மௌனச் சண்டை நடந்தது. கடைசியில் நான் விட்டுக்கொடுத்தேன்.

அக்கா தனக்கென்று ஒரு சட்டம் வகுத்துக்கொண்டார். நம்முடைய பொருத்தக் கோப்பு கேட்டால் எனேபிள். வெளியிலிருந்து வரும் ஃப்ளாப்பியில் உள்ள எந்தக் கோப்பு கேட்டாலும் டிஸேபிள். அதோடு விடமாட்டார், அனுப்பியவருக்குப் போன். சேலத்திலும் ஓசூரிலும் இருந்த தகவல் மையங்களோடு நாங்கள் வரன் பட்டியல்களை ஃப்ளாப்பியில் மாற்றிக்கொள்வது வழக்கம். அவர்கள் அனுப்புவது வெறும் பெயர்ப் பட்டியல்.

“பேரு, வயசு, நட்சத்திரம், அவ்ளோதானே இருக்கு? பட்டியலுக்கு எதுக்கு மேக்ரோ? கூட்டல் கழித்தல் இல்லாத இடத்துல வேலைக்காரன் எதுக்கு ஒளிஞ்சிக்கினு இருக்கான்?” என்பார்.

“அக்கா, கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியில செருப்பை விடச் சொல்றீங்க, சரி. ஃப்ளாப்பியையும் செருப்பு மாதிரி நடத்துறீங்களே?”

“செருப்பு எங்கெல்லாம் போயிட்டு வந்துதோ, யாருக்குத் தெரியும்?” என்று முதலில் சிரித்து, பிறகு சொல்வார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லாக் கோப்புகளையும் ஒரு ஃப்ளாப்பியில் நகல் எடுப்பார். அதன் மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளிவிடுவார். தள்ளிவிட்டால் அந்த ஃப்ளாப்பியில் யாராலும் எதையும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். இப்படி நான்கு ஃப்ளாப்பிகள் சுற்றில் இருந்தன. இரண்டு அலமாரியில், இரண்டு அவர் வீட்டில். கம்பெனியில் பெரிய பெரிய ஆட்கள் இதையெல்லாம் செய்யாமல் மூக்குடைபடுவதை நான் பார்த்திருக்கிறேன். இருந்தும் அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். படித்தவன் என்ற திமிர்தான், வேறு என்ன.

சுமதிக்கு அப்போது இருபத்தேழு வயது. கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலை. நான்கு வருடமாகப் பார்த்த வரன்கள் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப் போயின. அந்த மார்கழியில் ஆஸ்டின் டவுனிலிருந்து பாஸ்கர் என்ற பையனின் ஜாதகம் வந்தது. தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை. அப்பா போட்டோவுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். அக்கா கையாலேயே எண்ணிப் பார்த்து, எட்டுப் பொருத்தம் இருக்கிறது, தைரியமாகப் பேசலாம் என்றார். சுமதியும் பாஸ்கரும் கோயிலில் சந்தித்து அரைமணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்த சுமதி, “அவருக்குத் தூரப்பார்வையில கொஞ்சம் குறை இருக்கு, கண்ணாடி போடணும்,” என்றாள். அவள் ஒருவனைப் பற்றி அக்கறையாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா பூஜை அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். தை பிறந்ததும் நிச்சயம் என்று பேச்சு.

ஜனவரி பிறந்தது. உலகம் அழியவில்லை. கம்பெனியில் எங்களுக்குக் கேக் கொடுத்தார்கள். அதே வாரம் அக்காவின் அம்மாவுக்குக் காலில் ஆபரேஷன் என்று அவர் மூன்று வாரம் லீவில் தங்கவயலுக்குப் போனார். போகும்போது, “ஃப்ளாப்பி வந்தா அப்படியே எடுத்து வைங்க தம்பி. நான் வந்து கேட்டுட்டுத் திறக்கறேன்,” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் போன அன்றே ‘எப்போதும் கேள்’ குறியை எடுத்துவிட்டேன். ஒரு சின்ன அற்ப சந்தோஷம்.

மறு சனிக்கிழமை ஓசூரிலிருந்து ஃப்ளாப்பி வந்தது. பட்டியலோடு ‘தை வாழ்த்து’ என்று இன்னொரு கோப்பும் இருந்தது. திறந்தேன். உள்ளே பெரிய எழுத்தில் ஒரு வரி: தோரணம் கட்டப் பொத்தானை அமுக்கவும். பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். “தை மாசம், கல்யாண ஆபீஸ், தோரணம் கட்ட வேணாம்னு சொல்றதா? அமுக்கப்பா, பேகா!” என்று அவசரப்படுத்தினார். நான் யோசிக்கவேயில்லை. அமுக்கினேன். கட்டம் கட்டமாகப் பச்சை நிறம் நிரம்பி இரண்டு வாழை மரம் எழுந்தது. நடுவே மாவிலைத் தோரணம் அசைந்தது. பெரியவர் கைதட்டினார். நான் அதைச் சேலத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன். நல்ல காரியத்துக்கு நடுவில் யாராவது தோரணத்தை வேண்டாமென்பார்களா என்றுதான் எல்லா ஊரிலும் எல்லோரும் அமுக்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வியாபாரம் கொழித்தது. ஆறு வருடமாக எந்த ஜாதகத்தோடும் ஒட்டாத ஒரு நாற்பது வயதுக்காரருக்கு ஒரே நாளில் பதினொரு பெண்களோடு ஒன்பது பொருத்தம் வந்தது. அவர் ஆனந்தத்தில் எங்களுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார். “தை பிறந்தா வழி பிறந்துடும்ப்பா, நோடு,” என்று மதிப்பெண் தாளைக் காட்டிப் பெரியவர் பூரித்துப்போனார். என் நிரலின் பெருமை என்று நானும் மனதுக்குள் ஒரு பங்கு எடுத்துக்கொண்டேன்.

பாஸ்கரின் அப்பா நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால், பொருத்தத் தாளை முறையாக அச்சடித்து வாங்கிப்போக வந்தார். நான்தான் இரண்டு எண்களையும் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். நான்கு என்று வந்தது. ரஜ்ஜு இல்லை என்று வந்தது. தாலி நிலைப்பதற்கான பொருத்தம் ரஜ்ஜு. அது இல்லையென்றால் மற்ற ஒன்பது இருந்தாலும் வீட்டுப் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

“முன்னாடி எட்டுன்னு சொன்னாங்களே?” என்றார் அவர்.

“அது அக்கா விரல் விட்டு எண்ணினது,” என்றார் பெரியவர் தயங்கியபடி.

பாஸ்கரின் அப்பா என்னைப் பார்த்தார். “நீங்கதானே தம்பி இதைச் செஞ்சது? தப்பா காட்டுமா?”

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. “கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாது சார்,” என்றேன். என் தங்கையின் கல்யாணம் அது. ஆனால் அந்த நொடியில் என் நிரலைத்தான் நான் காப்பாற்றினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பார்க்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் ‘பார்க்கலாம்’ எங்களுக்கு நான்கு வருடப் பழக்கம்; முடியாது என்று அர்த்தம்.

வீட்டில் சுமதி கோபப்படவில்லை. “உன் புரோகிராமுக்கும் என்னைப் பிடிக்கலையாடா?” என்று மட்டும் கேட்டாள். சாப்பிடாமல் வேலைக்குப் போனாள்.

அக்கா திரும்பி வந்த சனிக்கிழமை, நான் சொல்வதற்குள் அவரே முதலில் எக்செல்லின் அமைப்புக்குள் போய் அந்த டிக் குறியைத் தேடினார். இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைப் போட்டார். பிறகு அவர் தினமும் பயன்படுத்தும் விலாசப் பட்டியலைத் திறந்தார். எக்செல் கேட்டது: இதில் மேக்ரோ இருக்கிறது, அனுமதிக்கவா?

அக்கா கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார்.

“இந்தப் பட்டியலை நான்தான் அடிச்சேன். இதுல மேக்ரோ கிடையாது. யாரு வச்சது?”

அவர் டிஸேபிள் அமுக்கி உள்ளே போனார். பிறகு வரன் பட்டியலையும் அப்படியே திறந்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. இரட்டைப் பிறவிச் சகோதரிகள் இருவரைச் சேர்த்துப் பதிந்திருந்த இடம்.

“தம்பி, இங்க பாருங்க. பத்து நிமிஷ வித்தியாசத்துல பொறந்ததுங்க. பெரியவளுக்கு மகம், சின்னவளுக்குத் திருவோணமா? பக்கத்து நட்சத்திரம்னாகூட ஒத்துக்கலாம். பத்து நிமிஷத்துல நிலா பாதி வானத்தைத் தாண்டிப் போச்சா?”

அட்டையை எடுத்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் மகம்தான். பாஸ்கரின் வரியைத் தேடினேன். சுவாதி என்று இருந்தது. அட்டையில் உத்திரம். என் தங்கையின் ரோகிணிக்குச் சுவாதி ஆகவே ஆகாது. நிரல் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. தப்பான நட்சத்திரத்துக்குச் சரியான கணக்கு.

அக்கா ஓசூருக்குப் போன் போட்டார். “தை வாழ்த்து நீங்க அனுப்பினதா?” அவர்கள், “வாழ்த்தா? அது எங்களுக்குத் திருச்சியிலேர்ந்து வந்துது. நல்லா இருக்குன்னு கூட வச்சோம்,” என்றார்கள். திருச்சிக்காரர்களுக்கு வேலூரிலிருந்து வந்ததாம். வேலூருக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தோரணம் அசையும்போதே அதன் மேக்ரோ சத்தமில்லாமல் இன்னொரு காரியம் செய்திருக்கிறது. எக்செல் ஒவ்வொரு முறையும் தானாகத் திறந்துகொள்ளும் மறைவான கோப்பு ஒன்று உண்டு. அதற்குள் தன்னை நகல் எடுத்து வைத்துவிட்டது. பிறகு நாங்கள் திறந்த எல்லாக் கோப்பிலும் தொற்றிக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் சில கட்டங்களில் இருப்பதை இடம் மாற்றிப் போட்டிருக்கிறது.

“வைரஸ் தேடுற புரோகிராம் போட்டிருக்கேனேக்கா,” என்று முனகினேன்.

“எப்ப போட்டது?”

பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. புதிய பட்டியலை அதற்கு நான் கொடுக்கவேயில்லை.

“போன வருஷப் பேப்பரைப் படிச்சிட்டு இன்னைக்கு மழை வருமான்னு பாத்திருக்கீங்க,” என்றார். கோபமில்லை. சேலத்துக்கு நம்பர் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் நகல் அனுப்பியிருந்தேனே, அவர்களை எச்சரிக்க வேண்டுமே! பேசி முடித்துவிட்டு என்னைக் கேட்டார்: “அந்த ஃப்ளாப்பியை உங்க கம்பெனிக்கு எடுத்துப் போனீங்களா?” போகவில்லை. அந்தப் பதிலைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மறைவான கோப்பைத் தேடி அழித்தேன். புதிய வைரஸ் பட்டியலைக் கம்பெனி நண்பனிடம் வாங்கி வந்து, ஃப்ளாப்பி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அக்காவின் வீட்டிலிருந்து, லீவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நகல் வந்தது. தாழ்ப்பாள் தள்ளியபடி, சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த வரன்களை அட்டையைப் பார்த்து அவர் படிக்க, நான் அடித்தேன். ஞாயிறு சாயங்காலம் சுமதி, பாஸ்கர் இருவரின் எண்களையும் போட்டோம். எட்டு.

நான் சந்தோஷத்தில் குதித்தேன். “அச்சடிச்சு எடுத்துக்கினு போய்க் குடுத்துடலாம்க்கா!”

“குடுத்தா? பொண்ணோட அண்ணன், அவரே புரோகிராம் போட்டவரு. முதல்ல நாலு, இப்ப எட்டு. நீங்க பையனோட அப்பாவா இருந்தா நம்புவீங்களா?”

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. சரியான விடை கையில் இருந்தும் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லாமல் போயிருந்தது.

அக்காவும் நானும் ஆஸ்டின் டவுனுக்குப் போனோம். பஸ்ஸில் ஏறும்போது அவர் கண்டக்டரைக் கேட்டார், பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்டார். அன்று எனக்கு மானம் போகவில்லை. கடையில் பாஸ்கரின் அப்பா ஒரு கல்யாண போட்டோவுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா என்னை முன்னால் தள்ளினார்.

“சார், தப்பு என் மேல. வெளியிலேர்ந்து வந்த ஒரு ஃபைலை யாரு அனுப்பினாங்கன்னு கேக்காம திறந்து, அதுல இருந்த பொத்தானை அமுக்கிட்டேன். அது எல்லார் நட்சத்திரத்தையும் கலைச்சுடுச்சு. உங்க பையனைச் சுவாதின்னு காட்டிச்சு.”

“என் பையன் உத்திரமாச்சே?”

“ஆமா சார்.”

“முதல்ல எட்டு. அப்பறம் நாலு. இப்ப?”

“எட்டு சார்.”

“இது என்னப்பா, ஜாதகமா கிரிக்கெட் ஸ்கோரா?” சுத்தியலைக் கீழே வைத்தார். “கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதுன்னு நீதானே சொன்னே? இப்ப நீயே வந்து தப்புங்கறே. நாளைக்கு நாலுதான் சரின்னு வந்து நின்னா? நான் எதை நம்பறது?”

அக்காதான் பேசினார்.

“எங்களை நம்பாதீங்கண்ணா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நிஜமாத்தான் சொல்றேன். இந்தாங்க, ரெண்டு ஜாதகமும். உங்களுக்குத் தெரிஞ்ச ஜோசியர்கிட்ட போங்க. எங்க ஆபீஸ் பேரைச் சொல்லாதீங்க, நாலுன்னும் சொல்லாதீங்க, எட்டுன்னும் சொல்லாதீங்க. அவரு சொல்றதைக் கேளுங்க. அவரு நாலுன்னா நாங்க வாயைத் திறக்க மாட்டோம்.”

அவர் ஜாதகங்களை வாங்கிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவருடைய ஜோசியர் வெளியூர் போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவாராம்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாடிப்படியில் காலடி கேட்டது. பாஸ்கர். தனியாக வந்திருந்தான். புதுக் கண்ணாடி போட்டிருந்தான்.

“அப்பா ஜோசியர் வீட்டுக்குப் போயிருக்கார்,” என்றான் அக்காவிடம். என்னைப் பார்க்கவேயில்லை. “அவர் என்ன சொல்லிட்டு வந்தாலும் சரி மேடம். நாலோ எட்டோ, நான் அவங்களைத்தான் கட்டிக்கப் போறேன். இதை உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. அக்கா மட்டும் அசையவில்லை.

“இதை சுமதிகிட்ட சொன்னீங்களா?”

“இல்ல மேடம்.”

“அவளைக் கேட்டீங்களா? இத்தினிக்கும் நடுவுல, உனக்கு சம்மதமான்னு?”

பாஸ்கர் விழித்தான். நானும் விழித்தேன். மார்கழியிலிருந்து அட்டை, கம்ப்யூட்டர், ஓசூர், திருச்சி, ஜோசியர் என்று எல்லோரையும் கேட்டிருக்கிறோம். என் தங்கையை ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா கண் ஆஸ்பத்திரிக்கு நம்பர் சுழற்றினார். சுமதி லைனுக்கு வந்ததும், “இரும்மா, உன்கிட்ட ஒருத்தர் ஒண்ணு கேக்கணுமாம்,” என்று ரிசீவரைப் பாஸ்கர் கையில் கொடுத்தார். பெரியவரையும் என்னையும் கையசைத்து வெளியே அனுப்பினார். தானும் வந்து கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

நாங்கள் படியில் உட்கார்ந்தோம். கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பாஸ்கரின் அப்பா மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் ஒரு தாள்.

“எட்டு! நம்ம ஜோசியரும் எட்டுன்னுட்டார்! கதவைத் திறம்மா!”

“கொஞ்சம் இருங்கண்ணா,” என்றார் அக்கா. “உள்ள உங்க பையன் கேட்டுக்கினு இருக்காரு. அந்தப் பொண்ணு இன்னும் பதில் சொல்லல.”

அவர் தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு எனக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்து, எங்களோடு சேர்ந்து காத்திருந்தார்.